நூற்றைம்பது மில்லி

லெர்விக்கில் மதியம் பன்னிரண்டு. ரொட்டியைப் பிரித்தேன்.
தூத்துக்குடியில் நாலரை மணி.
பூமி திரும்பிவைத்த அந்த இடைவெளியைத் தாண்டி
ரூபஸின் குரல் வந்தது:
“அஞ்சு பவுன் செயின், சரியா நாப்பது கிராம் நிக்குது.
நீ அனுப்பின சீட்டுல
நூத்தைம்பது மில்லி கூட எழுதியிருக்கே அக்கா.
கொண்டுவந்தவன் எப்படி?”

கொண்டுபோனவன் ஆல்வின் மச்சாது.
எங்கள் மீன் ஆலையில் குளிர்சாதன மெக்கானிக்.
உள்பனியனில் ஊக்குக் குத்தி
மூன்று விமானம் மாறியவன்.
“கழிவறைக்கும் அதோடதான் போனேன்” என்று
சிரிக்காமல் செய்தி அனுப்பியவன்.

“அமிலத்துல முக்கி எடுத்தா கண்ணுக்குத் தெரியாது”
என்றான் ரூபஸ்.
ஒரு குன்றிமணிக்குச் சற்றே கூடுதல்.
ஒரு மனிதனைத் திருடனாக்க
அவ்வளவு எடை போதும்.

இரவு பதினொன்றுக்கும் வானம் விளக்கணைக்காத மாதம்.
தூங்கவில்லை.

காலை ஆறு மணி. சால்மன் வந்திறங்குமுன்
தராசுகளைச் சோதிப்பது என் வேலை.
எஃகுப் படிக்கல்லைக் கையுறையோடு வைப்பேன்,
எண் பிசகினால் திருத்துவேன்,
கையெழுத்துப் போடுவேன். ஆறு வருஷம்.
அன்று ஏழாவது தராசின் முன்னால்
கையெழுத்து பாதியில் நின்றது:

வீட்டுத் தராசை யார் திருத்தினார்கள்?

கையகலத் தராசு. தூத்துக்குடியில் வாங்கியது.
வாங்கித் தந்தவன் ரூபஸ்.

நூறு கிராம் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி
விதியை மீறி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
சமையல் மேசை. ஜன்னலை அடைத்தேன், காற்று தொடக்கூடாது.
நூறு புள்ளி மூன்று எட்டு.
எடுத்தேன். வைத்தேன்.
நூறு புள்ளி மூன்று எட்டு.

“ரூபஸ், கேள்.
உன் ஊர் மணிக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுது.
என் ஊருக்கு அதில் பாதிதான் வேகம்.
ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்தான் கணக்கு.
ராட்டினத்தோட ஓரத்துல நீ, அச்சுக்குக் கிட்டத்துல நான்.
உன்னைக் கொஞ்சம் வெளியே வீசப் பார்க்குது,
அதனால உன் ஊர்ல எல்லாமே ஒரு மயிரிழை லேசு.
சுத்திச் சுத்தி பூமிக்கு இடுப்பும் பருத்துப்போச்சு;
அந்தப் பருமன்மேல நீ,
நடுப்புள்ளிக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் கிட்ட நான்.
இங்க இழுப்பு கூட.”

“அப்ப, பூமிதான் எடுத்துச்சா?”

“யாரும் எடுக்கல. அதே பொன்னுதான்.
பழைய ரெண்டு தட்டுத் தராசா இருந்தா
ரெண்டு பக்கமும் ஒண்ணா கனத்து
வித்தியாசமே காட்டியிருக்காது.
உன் ஊருக்குத் திருத்தின தராசுல
என் ஊர்ல நிறுத்தது என் தப்பு.
நானே அங்க வந்து நின்னா
கால் கிலோ குறைவேன்.
இளைச்சுட்டேன்னு சொல்லிடாதே.”

சிரிப்பான் என்று பார்த்தேன்.
தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் போனது.

“அக்கா,
அவன்கிட்ட நேத்தே கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. தண்ணி குடிச்சான்.
ஜோவிதா நிச்சயத்துக்கு வரலைன்னுட்டுப் போயிட்டான்.”

படிக்கல்லை மேசையில் மறந்துவிட்டிருந்தேன்.
தராசு தன்பாட்டுக்கு
அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து, சம்பர்க் விமான நிலையம்.
கடலிலிருந்து காற்று, வழக்கம்போல
நேராக வராமல் வலப்பக்கம் ஒடித்து.
கோட்டுப் பையில் எழுதிக்கொண்டுவந்த தாள்:
வேகம், தூரம், சதவீதம், எல்லாம் சரிபார்த்தது.
முதலில் கணக்கா, மன்னிப்பா?
இரண்டையும் மாற்றிமாற்றி
உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

சின்ன விமானம். பதினாறு பேர்.
கடைசியில் ஆல்வின்.
படியிறங்கி நின்று
பெட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.
இங்கே எல்லாமே
கொஞ்சம் கனம்.